பழைய போல்ட்டும் செங்கோடண்ணனும்

செங்கோடண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நாமக்கல் லாரிக்காரர்களிடம் எந்த நேரத்தில் அந்தச் செய்தி வந்திருந்தாலும் பாதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். திங்கட்கிழமை தருகிறேன் என்று என் கடையிலிருந்து மரை கேஜை வாங்கிக்கொண்டு போனவர், புதன்கிழமை ஆகியும் தரவில்லை. பேனாக்கத்தி அளவுதான் இருக்கும் அந்தச் சாமான். மடக்கி விரித்தால் சீப்புப் பல் மாதிரி பல் வைத்த தகடுகள். போல்ட்டின் திருகு வரிகள் மேல் வைத்துப் பார்த்தால் எந்த மரை என்று சொல்லிவிடும். அது இல்லாமல் போல்ட் கடை நடத்துவது தராசு இல்லாமல் மளிகைக்கடை நடத்துகிற மாதிரி. எதிரே ஒரு வாடிக்கைக்காரர் போல்ட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் பரமத்தி ரோட்டிலிருந்து வந்த டிரைவர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கினார்.

"அக்கா, கடையைச் சாத்துங்க. செங்கோடண்ணன் தவறிப்போயிட்டாருங்க. சாப்பிட உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராம்" என்றார்.

"கேஜைக் குடுக்காமயா?" என்று கேட்டுவிட்டேன். வாய் அவ்வளவு நேரம் ஓடிய ஓட்டத்தில் அதுதான் வந்தது. அந்த டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள். பிறகு போல்ட் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

படத்திறப்புக்கு வந்திருக்கிற உங்களுக்கெல்லாம் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி பாவாயி அக்கா, அவருடைய மனைவி, என்னைக் கேட்டுக்கொண்டார். நல்ல வார்த்தை மட்டும் சொல்ல எனக்கு வராது. அவரோடு நான் மல்லுக்கு நின்ற காலம் கொஞ்சநஞ்சம் இல்லை. அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறார்.

அவர் மல்லசமுத்திரத்துக் காட்டுக்காரர். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் கடலையும் சோளமும் வெள்ளாமை செய்துகொண்டிருக்க, இவர் மட்டும் கிணற்று மேட்டு எஞ்சினைக் கழற்றிப் பார்க்கப் போய், அந்த ருசியிலேயே ஊரைவிட்டு நாமக்கல் வந்து பட்டறை போட்டார். ஓடி ஓய்ந்த லாரியைக் கொண்டுபோய் விட்டால் அடிச்சட்டமான சேசிஸ் வரைக்கும் கழற்றி, திரும்ப எழுப்பிக் கொடுப்பதுதான் அவர் தொழில். நான் இராசிபுரத்துத் தறிக்கார வீட்டுப் பெண். லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன். மாமனார் வைத்திருந்தது போல்ட், நட் கடை. வீட்டுக்காரர் வண்டியோடு போய்விடுவார். மாமனாருக்குக் கண் மங்கிவிட்டது. எழுபதுகளின் நடுவில் கல்லாவில் நான் உட்கார்ந்தேன். கடைக்கு நேர் எதிரே செங்கோடண்ணன் பட்டறை. போல்ட் விற்கிறவளுக்கு எதிரே போல்ட்டே வாங்காத ஒரு மனுஷன். என் ஜாதகம் அப்படி.

வாங்கவே மாட்டார் என்றால் பொய். தேய்ந்து நூலாகிப் போனது, மரை முழுக்கப் போய்விட்டது, இப்படி ஏதாவது ஒன்றிரண்டுக்கு வருவார். வரும்போது பழைய போல்ட்டைத் துண்டில் முடிந்து கொண்டுவருவார். நான் புதுசை எடுத்துக் கொடுத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி வெகுநேரம் பார்ப்பார். "பழசே தேவலாமாட்ட இருக்குது அம்மிணி" என்று சொல்லிவிட்டு, புதுசைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அவர் வேலை செய்கிற விதம் வேறு யாருக்கும் பொறுக்காது. வண்டியைப் பிரிக்கிறவர்கள் சாமானை ஒரு பக்கமும் போல்ட்டை ஒரு தகர டப்பாவிலும் போடுவதுதான் வழக்கம். இவர் அப்படிச் செய்ய மாட்டார். ஒரு பாகத்தைக் கழற்றி இறக்கியதும், அதன் போல்ட்டை சீமெண்ணெயில் முக்கித் துடைத்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே ஓட்டையில் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டிவிடுவார். ஒரு வண்டி முழுவதும் இப்படி. ஒன்றுமே இல்லாத வெறும் சேசிஸ் நிற்கும். ஆனால் அதில் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு போல்ட் தொங்கிக்கொண்டிருக்கும். மறுபடி பாகத்தை மாட்டும்போது அத்தனையையும் திரும்பக் கழற்ற வேண்டும். வேலை இரட்டிப்பு. வண்டிக்காரர்கள் வாசலில் நின்று முனகுவார்கள்.

"ஏனுங்கண்ணா, கழட்டறதே திரும்ப மாட்டறதுக்குங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விருந்துக்கு வந்த சனம் போறப்ப அவங்கவங்க செருப்பத்தான போடோணும் அம்மிணி? மாத்திப் போட்டுட்டுப் போனா கடிக்கும்ல" என்றார்.

"அதுக்கு விருந்து நடக்கறப்பவே செருப்பப் போட்டுக்கிட்டு உக்காரச் சொல்லுவீங்களா?"

பதிலுக்குச் சிரித்துக்கொண்டே பீடியைப் பற்றவைத்தார். அதுவும் எனக்கு ஆகாது.

அவர் பக்கத்தில் ஒரு நியாயமும் இருந்தது, மறுக்கவில்லை. அந்த வருஷங்களில்தான் கடைகளில் மில்லிமீட்டர் மரை பரவலாக வரத் தொடங்கியிருந்தது. பழைய வண்டிகளோ இஞ்ச் மரை. இஞ்ச் போல்ட்டில் மில்லிமீட்டர் நட்டு இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் அடம்பிடிக்கும். முரட்டுக் கைக்காரர்கள் ஸ்பேனரை வைத்து ஒரே தம்மில் ஏற்றிவிட்டு, ஏறிவிட்டது என்று பெருமையாகக் கையைத் தட்டிக்கொள்வார்கள். "அது ஏறல சாமி, சிக்கியிருக்குது" என்பார் அண்ணன். நட்டு, கடைசி மரை வரை, விரலுக்கே போக வேண்டும். ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும்தான். அதுதான் அவர் கணக்கு. இன்னொன்றும் சொல்வார்: "கழட்ட வராதது போல்ட்டு இல்ல அம்மிணி, ஆணி." மரையில் கிரீஸ் தடவாமல் அவர் எதையும் மாட்டி நான் பார்த்ததில்லை.

சரி, அதற்காக ஊரிலுள்ள பழைய போல்ட்டை எல்லாமா சேர்ப்பார்கள்? பட்டறையில் எண்ணெய் டின்கள், பெயிண்ட் டப்பாக்கள், ஓட்டை விழுந்த குண்டா எல்லாவற்றிலும் போல்ட். பட்டறை நிறைந்து வீட்டுக்கும் வந்துவிட்டது. பாவாயி அக்கா மாவடு போடலாம் என்று பரண் மேலிருந்த ஜாடியை இறக்கினால் தூக்க முடியவில்லை. உள்ளே முழுக்க வாஷர். அக்கா ஜாடியோடு என் கடைக்கு வந்து, "நீயே சொல்லு கண்ணு, இந்த மனுசனோட நானு எப்படிக் குடும்பம் பண்ணறது?" என்று கேட்டார். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் போகிறது. மேளம் முன்னால், பட்டு வேட்டியோடு இவர் நடுவில். திடீரென்று ஊர்வலம் நின்றுவிட்டது. என்னவென்று எட்டிப் பார்த்தால் பெண்ணுக்கு அப்பா நடுரோட்டில் குனிந்து ஒரு நட்டைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பொறுக்கியதைப் போட இடமில்லை. புது வேட்டி மடியில் கட்டிக்கொண்டார். சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இவை எல்லாம் சிரிக்கிற விஷயம். இனி சொல்லப்போவது அப்படியல்ல.

எங்கள் வீட்டுக்காரர் அதுவரை அடுத்தவர் வண்டிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் சொந்தமாக ஒரு பழைய லாரியைப் பிடித்தோம். ஓட்டி ஓட்டிச் சக்கையாய்ப் போன வண்டி. செங்கோடண்ணன் எழுப்பித் தருவதாக ஏற்றுக்கொண்டார். நான் அன்றே ஒரு சாக்கு நிறையப் புது போல்ட் கட்டிப் பட்டறைக்கு அனுப்பினேன். தொப்பூர்க் கணவாயில் ஏறி இறங்கப் போகிறவர் என் புருஷன். அவர் உட்காரப் போகிற வண்டியில் யாரோ எந்தக் காலத்திலோ போட்ட போல்ட் இருப்பதாவது? சாயங்காலமே சாக்கு திரும்பி வந்தது. கட்டைக்கூட அவிழ்க்கவில்லை. நானே சாலையைக் கடந்து போனேன்.

"அண்ணா, இது யாவாரம் இல்லீங்க. என்ற ஊட்டுக்காரரு வண்டி. எல்லாமே புதுசாப் போடுங்க" என்றேன்.

"பழசு வேலை செஞ்சு காட்டியிருக்குது அம்மிணி. புதுசு இனிமேத்தான் காட்டோணும்."

"அப்படீன்னா பட்டைக்காவது புதுசாப் போடுங்க. சென்டர் போல்ட்டு மட்டுமாவது."

லாரிப் பட்டை என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புத் தகடுகள். அத்தனையையும் நடுவில் ஊடுருவிப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட், அதுதான் சென்டர் போல்ட். அதன் தலை அச்சின் குழியில் உட்கார்ந்து அச்சை நகரவிடாமல் வைத்திருக்கும். அது ஒடிந்தால் அச்சு ஒரு பக்கமாகப் பின்னால் நகர்ந்துவிடும். அப்புறம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் போகும். இது எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா? முன் பட்டையின் போல்ட்டை எடுத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, சுத்தியலால் தட்டிக் காட்டினார். கணீரென்றது. "கோயில் மணியாட்டம் கேக்குது பாரு. இதப் போயி வேண்டாங்கறயே" என்றார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பழைய போல்ட்டையே போட்டார். வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எல்லோரும் கும்பிட்டு அனுப்பினோம். நான் அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் கும்பிட்டேன்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. மோகனூரிலிருந்து சர்க்கரை, சேலத்திலிருந்து ஜவ்வரிசி என்று ஓயாமல் ஓடியது. வீட்டுக்காரர் அண்ணனைப் புகழாத நாளில்லை. நானும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயத்தை மறந்தேன்.

வாழப்பாடிப் பக்கமிருந்து கிழங்கு ஏற்றிக்கொண்டு வரும்போதுதான் அது நடந்தது. நல்ல பகல், வளைவுகூட இல்லை. முன்னால் படீரென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கையோடு வரவில்லை. வண்டி ரோட்டைவிட்டு இறங்கி, கடலைக்காட்டில் போய் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது. கிழங்கெல்லாம் காட்டில். சீட்டுச் சட்டம் முன்னால் நெட்டித் தள்ளியதில் வீட்டுக்காரரின் கால் ஸ்டியரிங் தண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து இழுத்தால் ஆள் அலறுகிறார். கேஸ் வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் ஒருவர். டீசல் டேங்க் உடைந்து கொட்டிக்கொண்டிருக்கிறது, பொறி பட்டால் ஆளோடு போய்விடும் என்றார் இன்னொருவர். பின்னால் வந்த ஆத்தூர் வண்டி டிரைவர் ஒருவர் ஸ்பேனரோடு உள்ளே தலைகீழாகப் புகுந்து சீட்டுச் சட்டத்தின் போல்ட்டில் வைத்துப் பார்த்தார். எத்தனை வருஷத்துப் போல்ட், எங்கே கழலப் போகிறது என்று வெளியே நின்றவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஸ்பேனரை வைத்து ஒரு தள்ளு. இளகிவிட்டது. மீதியை விரலால் சுற்றி எடுத்தாராம். நாலும் அப்படியே. சட்டம் விலகியது, காலை எடுத்தார்கள். எலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது.

செய்தி கிடைத்து நான் கிடைத்த வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். செங்கோடண்ணனும் கிளம்பிவிட்டார் என்று வழியிலேயே தெரிந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. எங்கே என்றால், காட்டுக்குப் போய்க் கவிழ்ந்த வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறாராம். எனக்கு வந்ததே ஆத்திரம்! மனுஷன் எப்படி இருக்கிறான் என்று கேட்காமல் இரும்பைப் பார்க்கப் போனாரா? வரட்டும், இன்றோடு இவர் சங்காத்தமே வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாய வந்தார். சட்டை முழுக்க மண், டீசல். என் முன்னால் நின்று துண்டு முடிச்சை அவிழ்த்தார். இரண்டாக ஒடிந்த போல்ட். ஒடிந்த இடத்தில் பாதி, பழைய துரு ஏறிக் கறுத்திருந்தது. பாதிதான் புதிதாக மின்னியது. விரிசல் எந்தக் காலத்திலிருந்தோ உள்ளே இருந்திருக்கிறது. கோயில் மணியாம்!

"என்ற போல்ட்டுதான் அம்மிணி ஒடஞ்சிருக்குது. நீ சொன்னப்பவே கேட்டிருக்கோணும்" என்றார்.

நான் எழுந்தேன். அவ்வளவு நேரம் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அப்போது கட்டிலிலிருந்து வீட்டுக்காரர் பேசினார்.

"சீட்டுப் போல்ட்டும் உங்க போல்ட்டுதானுங்கண்ணா. ஒரே தள்ளுல வந்துபோட்டுது. இல்லீனா நானு அங்கயே..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்வது? கவிழ்த்ததும் இவர் போட்ட போல்ட். காப்பாற்றியதும் இவர் போட்ட போல்ட். சாபம் விடுவதா, காலில் விழுவதா? ஒரு மனுஷன் ஒன்று முழுக்கக் கெட்டவனாக இருக்க வேண்டும், இல்லை முழுக்க நல்லவனாக இருந்து தொலைக்க வேண்டும். இப்படிப் பாதிப் பாதி செய்துவைத்தால் பக்கத்தில் இருப்பவள் எதைப் பிடித்துக்கொள்வாள்? நான் உட்கார்ந்து அழுதேன். அவர் ஒடிந்த போல்ட்டைத் திரும்பவும் துண்டில் முடிந்துகொண்டு வாசலில் போய் நின்றார். வீட்டுக்காரரை வீட்டுக்கு அழைத்துப் போகிறவரை அந்த வாசலைவிட்டு நகரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

நாமக்கல் திரும்பியதும் நேரே என் கடைக்கு வந்தார். "சென்டர் போல்ட்டு இருக்கறதெல்லாம் எடு அம்மிணி. இல்லாததுக்கு ஆர்டர் போடு" என்றார். அதன்பிறகு அவர் அடித்த கூத்து உங்களில் பல பேருக்கு நேரிலேயே தெரியும். பரமத்தி ரோட்டு டீக்கடை முன்னால், சேலம் ரோட்டில் பெட்ரோல் பங்க் ஓரத்தில் என்று நின்றுகொண்டு, தான் எழுப்பிக் கொடுத்த வண்டி எது வந்தாலும் சிவப்புத் துண்டை ஆட்டி மறித்தார். லோடு ஏற்றி அவசரமாகப் போகிறவர்கள் ஹாரனை அமுக்குவார்கள். அவர் நடுரோட்டில் நிற்பார்.

"நல்லா ஓடற வண்டியை எதுக்குங்கண்ணா பிரிக்கறீங்க?" என்று கேட்டால், "நல்லாத்தான் ஓடுச்சு, அவருதும்" என்று எங்கள் வண்டியைச் சொல்வார், அவ்வளவுதான். பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பட்டையை இறக்கி, சென்டர் போல்ட்டைப் புதுசாக மாற்றித்தான் விடுவார். கழற்றிய பழசை டப்பாவில் போட மாட்டார். கவ்விப் பிடிக்கும் வைஸில் இறுக்கி, சம்மட்டியால் ஒரே அடி. கொக்கி மாதிரி வளைத்துவிடுவார், வேறு யாரும் எடுத்துத் திரும்பப் போட்டுவிடக் கூடாது என்று. நட்டுக்காக ஊர்வலத்தை நிறுத்திய மனுஷன், ஒரு போல்ட்டை வேண்டுமென்றே பாழாக்குவதை அப்போதுதான் பார்த்தேன்.

ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். எங்கள் வண்டியைத் திரும்ப எழுப்பும்போது மறுபடியும் ஒரு சாக்கு கட்டி அனுப்பினேன். சாக்கு திரும்பி வந்தது! சென்டர் போல்ட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால், கடலைக்காட்டு மண்ணில் தேடிப் பொறுக்கிக் கொண்டுவந்த அதே நாலு போல்ட்டை சீட்டுச் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்கண்ணா, பட்டதெல்லாம் பத்தாதுங்களா?"

"அது வேற, இது வேற அம்மிணி."

"ஒரே தள்ளுல கழண்டுச்சுன்னா என்ன அர்த்தம்? தேஞ்சு கெடக்குதுன்னு அர்த்தம்."

"கிரீசு இருந்துச்சுன்னும் அர்த்தம்."

"தேஞ்சதாலதான்."

"இருக்கலாம். எதால கழண்டுச்சுன்னு போல்ட்டு சொல்லலையே" என்று சொல்லிவிட்டு, பீடியைப் பற்றவைத்தார்.

இந்தச் சண்டை அன்றைக்கு முடியவில்லை. அதற்குப் பிறகு எந்த ஆயுதபூசைக்குப் பட்டறைக்குப் போனாலும் பொரியை வாயில் போட்டுக்கொண்டே இதை ஆரம்பிப்போம். நான் தேய்மானம் என்பேன், அவர் கிரீஸ் என்பார். பாவாயி அக்கா, "அந்த நாலு போல்ட்டையும் எடுத்துக் கெணத்துல போடுங்க, ஊடாவது நிம்மதியா இருக்கும்" என்பார். வீட்டுக்காரர் மட்டும் எந்தப் பக்கமும் பேசமாட்டார். காலை லேசாக இழுத்து இழுத்து நடந்துபோய்த் தன் வண்டியில் ஏறிக்கொள்வார்.

அதே வண்டியைத்தான் இப்போது மறுபடியும் முழுக்கப் பிரித்துப் போட்டிருந்தார். பாதி வேலையில்தான் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த கையோடு நானும் வீட்டுக்காரரும் பட்டறையைத் திறந்து பார்த்தோம். உண்மையைச் சொன்னால், பயந்துகொண்டேதான் போனேன். பிரித்தவர் ஒருவர், மாட்டுகிறவர் வேறொருவர் என்றால் வண்டி அவ்வளவுதான். எந்தப் போல்ட் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? அந்த வண்டியை நம்பி மறுபடியும் வீட்டுக்காரரை எப்படி ஏற்றி அனுப்புவது? வீட்டுக்காரர் தார்ப்பாயை விலக்கினார். வெறும் சேசிஸ். ஒவ்வொரு ஓட்டையிலும், இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு போல்ட். துடைத்து, கிரீஸ் தடவி, அதனதன் இடத்தில். ஒன்றுகூடக் குறையவில்லை. பிரித்தவர் இல்லாமலே வண்டியை மாட்டிவிடலாம். அத்தனை வருஷம் எதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேனோ அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அன்றைக்குச் செருப்பைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே பீடி பற்றவைத்தாரே, அந்தப் பதில் இவ்வளவு நாள் கழித்தா வர வேண்டும்?

பட்டை அடுக்குகள் மட்டும் ஓரமாகச் சுவரோடு கிடந்தன. நாலையும் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். நடு ஓட்டைகள் காலி. தற்காலிகமாகத் தகடுகள் நகராமல் இருக்கவாவது பழைய போல்ட்டைச் செருகி வைத்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். அவர் செய்யவில்லை. வைஸுக்குக் கீழே பார்த்தேன். வளைத்துப் போட்ட பழைய போல்ட்டுகள் நாலும் கிடந்தன. பட்டைமேல் என் மரை கேஜ், ஒரு தகடு மட்டும் விரித்தபடி.

அப்போதுதான் அவர் கடைசியாகக் கடைக்கு வந்தது முழுக்க ஞாபகம் வந்தது. சென்டர் போல்ட் கேட்டார். அந்த அளவில் இல்லை, அடுத்த வாரம்தான் வரும் என்றேன். சும்மா இருக்காமல், "உங்க டப்பாவுல இல்லாததுங்களா? ஒண்ணு எடுத்துப் போட்டுக்கறது" என்று வாயைக் கொடுத்தேன். சிரித்தார். "அது மட்டும் ஆகாது அம்மிணி. கயித்துல கட்டிப் போட்டு வெக்கறேன். வரட்டும், உன்னுது வந்த பொறவே போடறேன்" என்றார். எதற்கும் மரையைச் சரிபார்த்துவிடலாம் என்று கேஜை வாங்கிக்கொண்டு, "வாரேன்" என்று போனார்.

போல்ட் வந்து சேர்ந்திருந்தது. கடைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த இரண்டு மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு வேலையை முடித்தார். கேஜ் இப்போது என் கல்லாவில் இருக்கிறது. வளைந்த போல்ட் ஒன்றும் அதோடு கிடக்கிறது. யார் சென்டர் போல்ட் வாங்க வந்தாலும் பழசைக் கொடு என்று கேட்டு வாங்கி, கடை வைஸில் பிடித்து வளைத்துப் போட்ட பிறகுதான் புதுசைக் கொடுக்கிறேன். "ஏனுங்கக்கா, உங்களுக்கு இது தேவையா?" என்று ஆட்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்ளட்டும். எனக்குப் பழகிப்போன காட்சிதான், இதுவரை அடித்துக்கொண்டவள் நான், அவ்வளவுதான்.

கடைசியாக சீட்டுச் சட்டம் மாட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்காரர் ஓட்டைகளில் தொங்கிய அந்த நாலு போல்ட்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கடையில புதுசு குமிஞ்சு கெடக்குது. இதையாவது மாத்திப்போடலாமா? நீதான இத்தன வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தே" என்றார்.

அண்ணன் சொன்னதுதான் சரி என்று நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. தேய்மானத்தால்தான் அது கழன்றது. ஆனால் அதை எடுத்துச் சொல்லிச் சண்டை போட எதிரே ஆளில்லை.

"பழசே இருக்கட்டுமுங்க" என்றேன்.

கிரீஸ் டப்பாவை எடுத்து நாலுக்கும் நானே தடவிக் கொடுத்தேன். அவர் மாட்டினார். நட்டு, கடைசி மரை வரை, விரலுக்கே போனது.